சீருடைத் தையல் கூலி உச்சவரம்பு ஆணை, இரண்டு திருத்தங்களுடன்

விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பதினாறு வருஷமாகக் கோப்பு நகர்த்தியவருக்கு அன்றைக்குத்தான் விடிந்தது. அவர் மூளையில் பிறந்த ஆணை ஒன்று முதன்முதலாக வெளியானது. அலுவலகத்திலிருந்து வீடு வரைக்கும் அவர் கால் தரையில் படவில்லை.

ஆணை இதுதான்: பள்ளிச் சீருடை தைக்க, இதுவரை வாங்கிய கூலியில் பாதிக்கு மேல் இனி யாரும் வாங்கக் கூடாது.

வீட்டின் முன்னறையில் அவர் மனைவி தையல் மெஷினில் குனிந்திருந்தாள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சீருடை தைப்பவள் அவள்தான். அது அவருக்கு மறந்துபோகவில்லை. முதல் தியாகம் நம் வீட்டிலிருந்தே என்றால் நாலு பேர் பெருமையாகப் பேசுவார்களே!

"படிச்சுப் பாரு. ஒவ்வொரு வரியும் நானே எழுதினது."

அவள் நூலைப் பல்லால் அறுத்துவிட்டுப் படித்தாள்.

"எழுத்து முத்து முத்தா இருக்குங்க."

"அது அச்சடிச்ச எழுத்து."

"அப்படியா? இதுல நூல் விலை எங்க இருக்கு?"

"அது எதுக்கு?"

"கரண்டு? பட்டன்? என் முதுகு வலி?"

"பொதுநலம்னு வந்துட்டா முதுகையெல்லாம் பார்க்க முடியாது."

"சரிதான். உங்க முதுகு இல்லையே."

அதோடு விட்டாள். சண்டை போட்டிருந்தால் அவர் சுதாரித்திருப்பார். "இத்தனை வருஷம் கழிச்சு ஒரு நல்ல பேர் வந்திருக்கு. நானே முதல்ல கட்டுப்படறேன்" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வாசலில் போர்டு தொங்கியது: 'சீருடை தைக்கப்படும். கூலி அரசு ஆணைப்படி.' அவர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் துணிக்கட்டோடு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மூணு பிள்ளைங்க சார். இந்த வருஷம்தான் மூச்சு விட்டேன்."

அந்தத் தெருவில் அவரை யாரும் சார் என்றதில்லை. நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. டிரைவர் ரசீதைப் பார்த்ததும் அது அப்படியே நின்றது.

"அக்கா, இது அடுத்த வருஷத் தேதியாச்சே?"

"ஆமாம் தம்பி. நாற்பது ஜன்னல் திரை, பதினோரு சோபா உறை கைவசம் இருக்கு. அதுக்கெல்லாம் உச்சவரம்பு கிடையாது. அதை முடிச்சுட்டுத் தர்றேன்."

"பள்ளிக்கூடம் அடுத்த மாசம் திறக்குதே!"

"விலையைச் சார் குறிச்சாரு. தேதியை நான் குறிச்சேன்."

அவர் அலுவலகத்துக்கு ஓடினார். சாயங்காலம் ஜெயித்த முகத்தோடு திரும்பினார்.

"துணைவிதி போட்டாச்சு."

"துணிவிதியா?"

"துணைவிதி! பத்தே நாள்ல தைச்சுக் கொடுத்தாகணும்."

"அவ்வளவுதானே?"

ஒன்பதாம் நாளே கொடுத்துவிட்டாள். டிரைவரின் மூத்த பையன் புது நிக்கரைப் போட்டுக்கொண்டு கையை உள்ளே விடப் பார்த்தான். கை வழுக்கிக்கொண்டு தொடைக்குப் போனது. பையே இல்லை.

"பை எங்கே?" என்று அவர் கத்தினார்.

"பை வைக்கணும்னு ஆணையில எங்கே?"

முன்னும் பின்னும் புரட்டினார். இல்லை.

"பையன் கைக்குட்டையை எங்கே வைப்பான்?"

"அதையும் துணைவிதியில வைங்க."

இரண்டாவது திருத்தம் பிறந்தது. பை இரண்டு, காலர் ஒன்று, பட்டன் ஐந்து, மடிப்பு ஓர் அங்குலம். மடிப்பை எங்கிருந்து அளப்பது என்பதைச் சாப்பாட்டு மேசையில் மனைவியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். "என்ன நுட்பம்யா!" என்று அலுவலக இயக்குநரே முதுகில் தட்டினார்.

அந்த வாரமே அடுத்த தெருத் தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு, மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "கிடங்குல காவல் வேலை கிடைச்சிருக்கு சார். இது கட்டுப்படியாகலை" என்றார், கோபமே இல்லாமல். அந்த வார்த்தை அவர் மனதில் தைத்தது. கூலியே வாங்காமல் தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்விட்டு வந்தால், முன்னறை முழுக்க ஆட்கள். போர்டு மாறியிருந்தது: 'தையல் வகுப்பு.'

"நான் இப்ப தைக்கிறதே இல்லைங்க. சொல்லித்தான் தர்றேன். வகுப்புக் கட்டணத்துக்கு வரம்பு போட்டிருக்கீங்களா?"

டிரைவர் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு சட்டைக் கைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் மூக்குநுனிக் கண்ணாடியோடு ஊசி கோக்கப் போராடிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் நம்மவர் அவசரமாகச் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். இயக்குநர்!

"சார், நீங்களா?"

"உன் ஆணைக்கப்புறம் தையல்காரனே கிடைக்கலைய்யா. பேரனுக்கு ஒரு பை வைக்க ரெண்டு மணி நேரமாப் போராடறேன். இதுக்கு அந்தம்மா என்ன கூலி கேட்டாலும் தகும்."

"முதல் பை யாருக்கும் கோணும் சார்" என்ற அவர் மனைவி, கையில் கத்தரியோடே விஷயத்துக்கு வந்தாள். "மூணு பிள்ளைக்காரருக்குச் சலுகை வேணும்தான். அந்தப் பாதியை அரசாங்கம் கொடுக்கட்டும். தையல்காரன் முதுகுல ஏத்தினா, விலை குறையும், தைக்கத்தான் ஆள் இருக்காது."

இயக்குநர் அதைத் துணி வெட்டும் அளவுத்தாளின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டார். "இது ஏன்யா உன் குறிப்புல இல்லை?"

"நான் கேட்கலை சார்" என்றார். அது உண்மை.

ஆணை வாபஸ் ஆனது. புதிதாக ஆலோசனைக் குழு அமைத்து, அவர் மனைவியை உறுப்பினராகப் போட்டு முத்திரையிட்ட கடிதமும் வந்தது. வெட்கப்படுவோம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் மதிலுக்கு மேலே எட்டி, "என் மனைவி குழு உறுப்பினர், தெரியுமில்ல?" என்று டிரைவரிடம் இரண்டு தரம் சொன்னார்.

"முதல் கூட்டம் எப்போ?" என்று மனைவியைக் கேட்டார்.

"நாளைக்கு. கூடமாட உதவிக்கு ஆள் வேணுமான்னு இயக்குநர் கேட்டாரு. உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

"அடேடே! என்னன்னு சொன்னே?"

"எழுதறதை அவர் பார்த்துக்கட்டும், யோசிக்கிறதை நான் பார்த்துக்கறேன்னு."