ஹமாதியின் ஊதா ஆமை

பச்சை நிறம் கோட்டைத் தாண்டிவிட்டது.

அதிகமில்லை, ஒரு எறும்புக்கால் அளவுதான். ஆனால் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, இரண்டாம் வகுப்புச் சீட்டோடு முதல் வகுப்பில் கால் வைத்தவர்களை எல்லாம் இறக்கிவிட்டே ஓய்வு பெற்றவர் ஹமாதி. அவருக்கு எறும்புக்கால் என்றாலும் தாண்டியது தாண்டியதுதான்.

"ஸகியா! போச்சு! எல்லாம் போச்சு!"

அவர் மனைவி ஸகியா கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"கால் வெளிய வந்துடுச்சு பாரு!"

ஸகியா தாளைப் பார்த்தாள். "ஆமைன்னா காலை வெளிய நீட்டத்தானே செய்யும்? நல்லாத்தான் இருக்கு. பதறாம வண்ணம் அடிங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

டாக்டர் சொன்னதை நினைத்தாலே ஹமாதிக்கு வயிறு எரிந்தது. சென்ற வாரம் ஸகியாதான், "இந்த வயசுல ரெண்டு பேரும் ஒரு தடவை உடம்பைக் காட்டிட்டு வந்துடலாம்" என்று கூட்டிப் போனாள். நர்ஸ் வஸீலா இரண்டு பேர் கையிலும் பட்டை சுற்றிக் காற்றடித்தாள். பட்டை கோணலாக இருக்கிறது, காற்று மெதுவாக ஏறுகிறது, நாற்காலி தப்பான இடத்தில் கிடக்கிறது என்று ஹமாதி பக்கத்தில் நின்று எடுத்துச் சொன்னார். டாக்டர் ஃபெர்ஜானி கருவியைப் பார்த்தார். பிறகு ஹமாதியைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

"பிரஷர் ரொம்பக் கூடியிருக்கு. வீட்டுல உப்பைப் பாதியாக் குறைங்க. அடுத்த தடவை நான் பார்க்கிற வரைக்கும் ஹரீஸா வாசனையே வரக்கூடாது."

ஹமாதிக்கு உலகமே இருண்டது. கடலோர மஹ்தியாவில் பிறந்தவனுக்கு ஹரீஸா இல்லாத சாப்பாடு ஒரு சாப்பாடா? காலையில் ரொட்டியோடு அந்தச் சிவப்பு மிளகாய் விழுது, மத்தியானம் மீனோடு, வெள்ளிக்கிழமை ஆவியில் வெந்த ரவைக் குஸ்குஸ்ஸோடு. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை நீட்டினார்.

"ஐயா, நீங்க இதை எடுத்துக்குங்க. தினமும் உக்காந்து வண்ணம் அடிக்கணும். ஒரே இடத்துல உக்காந்து. எழுந்து எழுந்து போகக் கூடாது."

மேல் தாளில், 'எளிய ஆமைப் படங்கள்: முதல்முறை வண்ணம் தீட்டுபவர்கள் ஓய்வாகத் தீட்டி மகிழ' என்று அச்சிட்டிருந்தது. தாளுக்கு ஓர் ஆமை. விரல் தடிமனில் கோடு, ஓட்டின்மேல் நாலைந்து பெரிய கட்டம், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. குழந்தைகூட அடித்துவிடும்.

அன்று மாலையே காப்பிக் கடையில் ஹமாதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவித்தார்: "மாத்திரை இல்ல, ஊசி இல்ல. வெறும் ஆமை!"

அந்த வெறும் ஆமைதான் இப்போது காலை நீட்டிவிட்டது.

ஹமாதி ரப்பரை எடுத்துத் தேய்த்தார். பச்சை போகவில்லை, தாள் போய்விட்டது. ஆமையின் காலிருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டையை அடைக்க ரவையைத் தண்ணீரில் குழைத்துப் பின்பக்கம் ஒட்டுப் போட்டார். காயட்டும் என்று முற்றத்தில் வெயிலில் வைத்தார்.

முற்றத்தில் லல்லா இருந்தாள்.

நம் பக்கத்தில் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். மஹ்தியாவில் ஆமை இல்லாத வீட்டைத்தான் அப்படிப் பார்ப்பார்கள். கண்ணேறு அண்டாது, காசு தங்கும் என்று முற்றத்துக்கு ஒன்று வளர்ப்பார்கள். ஸகியா கல்யாணமாகி வந்தபோது கூடையில் கொண்டுவந்த ஆமைக்கு 'அம்மணி' என்று மரியாதையாக லல்லா என்றே பெயர். ஊர்ப் பெண்களில் பாதிப் பேரை அப்படித்தான் அழைப்பார்கள். இவளும் தன்னை அவர்களில் ஒருத்தியாகவே நினைத்து நடந்துகொண்டாள்.

ஹமாதி திரும்பி வந்தபோது லல்லா ரவை ஒட்டுப் போட்ட இடத்தை முடித்துவிட்டுத் தலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"ஆமையே ஆமையைத் திங்குது! இதுக்குப் பேரு ஓய்வா?" ஹமாதி தாளை வீசிவிட்டு நேரே சமையலறைக்குள் நுழைந்தார். "அது கிடக்கட்டும். நீ ஏன் வெங்காயத்தை இவ்வளவு பருமனா நறுக்குறே? குஸ்குஸ்ல ஆவி வர இன்னிக்கு ஏன் இவ்வளவு தாமதம்? அடுப்பு ஏத்தினது எப்போ?"

ஸகியா கையைத் துடைத்துக்கொண்டு, தலைவலிக்கு என்று சொல்லி வைத்திருந்த மாத்திரை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்த ஆமை இன்னும் லட்சணமா இருக்கு. போய் உக்காருங்க. பிரஷர் இறங்க வேண்டாமா?"

மேலே பரணில், வாயைத் துணியால் கட்டிய ஹரீஸா ஜாடி ஹமாதியைப் பார்த்தது. அவர் போய் உட்கார்ந்தார்.

இந்த முறை லல்லாவை நம்பவில்லை. அவளைத் தூக்கி மேசைமேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். கால் எட்டாமல் லல்லா காற்றில் நீந்தினாள். அப்போதுதான் ஹமாதி அவளைக் கிட்டத்தில் பார்த்தார். இத்தனை வருஷம் காலடியில் கிடந்தவள்! ஓட்டில் பச்சை என்பதே இல்லை. தேன் நிறம், அதைச் சுற்றிக் காப்பி நிறம், நடுவில் ஈச்சங்கொட்டை நிறம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோட்டுக்குள் கோடு. ஒரு கோடுகூட இன்னொன்றைத் தாண்டவில்லை.

"ஸகியா, இவ என்ன அழகா இருக்கா தெரியுமா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

பச்சையைத் தூக்கிப் போட்டார். ஸகியாவின் தையல் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பழைய நீர்வண்ணப் புட்டிகளை எடுத்தார். தேன் நிறம் குழைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டம் கட்டமாக அடித்தார். கடைசிக் கட்டம். இன்னும் ஒரே ஒரு இழுப்பு.

தூக்கி வைத்தால் ஆமைகள் செய்கிற காரியத்தை லல்லா அப்போது செய்தாள்.

மேசை முழுக்க மூத்திர வெள்ளம். ஹமாதி பதறித் தாளை இழுத்ததில் நீலப் புட்டியும் சிவப்புப் புட்டியும் சாய்ந்தன. தேன் நிறத்தின்மேல் நீலம் ஏறியது, நீலத்தில் சிவப்பு கலந்தது, எல்லாம் சேர்ந்து ஊதாவாகித் தாள் முழுக்க அலை அலையாகப் பரவியது. கோடு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதுபோல, கால் தாண்டியதைத் திருத்தப்போய் ஆமை முழுசுமே தாண்டிவிட்டது.

சரியாக அந்த நேரத்தில் தெருக்கோடிச் சவரக் கடை மொன்ஜி உள்ளே வந்தான். தாளைப் பார்த்தான். வாயைப் பிளந்தான்.

"அண்ணே! அந்தி நேரத்துக் கடல்ல ஆமை நீந்துற மாதிரியே இருக்கே! கையா இது? எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"

உண்மையைச் சொல்ல வேண்டும், அது அழகாகத்தான் இருந்தது. அந்த ஊதாவை நானும் பார்த்திருக்கிறேன். மீன்பிடிப் படகுகள் திரும்புகிற நேரத்தில் கல்லறைத் தோட்டத்துக்குக் கீழே கடல் அந்த நிறத்தில்தான் இருக்கும். ஆனால் ஹமாதிக்கு அதை ரசிக்க நேரமில்லை. முதலாவது, மொன்ஜி கண்ணு வைத்தபோது "உன்மேல் மீன்!" என்று சொல்ல மறந்துவிட்டான். மீன் கண்ணேறை விரட்டும் என்பது அந்த ஊர் நம்பிக்கை; அப்படிச் சொல்லாமல் பாராட்டினால் பாராட்டினவன் கண் பட்டுவிடும். இரண்டாவது, வீட்டுப் பொருளை ஒருவன் புகழ்ந்துவிட்டால், மானமுள்ள மனிதன் சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

"உன்னோடதுன்னு நினைச்சுக்கோ. எடுத்துக்கோ" என்றார் ஹமாதி.

"ஐயோ வேண்டாம்" என்று அவன் சொல்ல வேண்டும். இவர் வற்புறுத்த வேண்டும். அவன் மறுபடியும் மறுக்க வேண்டும். அப்புறம் தேநீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். இதுதான் முறை.

"சரிண்ணே" என்று மொன்ஜி சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஊதா ஆமை சவரக் கடைக் கண்ணாடிக்கு மேலே தொங்கியது. நாற்காலியில் சாய்ந்தவனுக்கெல்லாம் அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாதித் தாடியோடு ஒருவன் எழுந்து வந்து ஹமாதி வீட்டுக் கதவைத் தட்டினான். அவனுக்குப் பின்னால் மீன் கடை நூர்தீன், பாலர் பள்ளி ஆசிரியை, மாவு மில்காரர். ஒவ்வொருவரும் மேசையில் இருந்ததைப் புகழ்ந்தார்கள். ஹமாதி ஒவ்வொருவரிடமும் "எடுத்துக்கோங்க" என்றார். ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

"மானம்கெட்ட ஊரு! ஒருத்தனுக்காவது வேண்டாம்னு சொல்லத் தெரியுதா?" என்று புலம்பினார்.

"உங்க கைவண்ணம் அப்படி. யாருக்கு மறுக்க மனசு வரும்?" என்றாள் ஸகியா. "மில்காரர் சம்சாரத்துக்கு இன்னொண்ணு வேணுமாம். சரின்னு சொல்லிட்டேன்."

"நீ ஏன் சொன்னே?"

"சொன்னா நீங்க சந்தோஷமா உக்காந்து அடிப்பீங்கன்னுதான்."

அந்த ஊதா மறுபடி வரவில்லை என்பதுதான் பெரிய சிக்கல். எவ்வளவு குழைத்தாலும் கத்திரிக்காய் நிறம்தான் வந்தது. லல்லாவின் ஒத்தாசை இல்லாமல் நடக்காது என்று புரிந்து, அவளுக்குத் தர்ப்பூசணியும் வெள்ளரியுமாக ஊட்டிவிட்டுக் கிண்ணத்தின்மேல் வைத்துக் காத்திருந்தார். அவள் கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தாள். இவர் அசந்த நேரம் பார்த்துத்தான் அருள் புரிந்தாள். அதற்காக மேசையை விட்டு அசையவும் முடியவில்லை.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தார். யாரும் புகழ முடியாதபடி ஓர் ஆமைக்குத் தலையிலிருந்து வால் வரை மையிருட்டாகக் கறுப்பு அடித்து மேசையில் வைத்தார். நூர்தீன் வந்து அதை ரொம்ப நேரம் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"அமாவாசை ராத்திரி கரைக்கு ஏறி முட்டையிட வர்ற ஆமைண்ணே இது. எங்கப்பாவோட படகுல போனப்போ பார்த்தது. அப்படியே இருக்கு. உங்கமேல மீன்!"

அவனாவது மீன் என்று சொன்னானே என்று ஹமாதி அதையும் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு, கோபம் வராததை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் உள்ளுக்குள் பயம். காலையில் கண் விழித்தால் ஆமை, கண்ணை மூடினால் ஆமை. கழுத்து வலி, விரலில் வீக்கம், நெஞ்சில் படபடப்பு. இந்த லட்சணத்தில் பிரஷர் எங்கே இறங்கும்? அந்த ஜாடி இனி பரணைவிட்டு இறங்காது. ஸகியாவுக்கு அந்தக் கவலை துளியும் இருப்பதாகத் தெரியவில்லை. சமையலறையில் அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களோடு பாதாம் உடைத்துக்கொண்டே சிரித்தாள். காதோரம் மல்லிகைகூடச் சொருகியிருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் அப்படிச் சொருகிப் பார்த்தது.

'நான் இங்க ஆமையோட மல்லுக்கட்டுறேன், இவளுக்குப் பாட்டு கேக்குது' என்று நினைத்தார். ஆனால் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதைக் கேட்டபடியே ஒரு கடைசி ஆமைக்கு வண்ணம் அடித்தார். ஊதா அலை அலையாக வந்தது. கோட்டைத் தாண்டியது. அவர் அதைத் தடுக்கவில்லை.

டாக்டரிடம் போகும் நாள் வந்தது. வஸீலா இரண்டு பேர் கையிலும் பட்டை சுற்றினாள். ஹமாதி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பட்டை கோணலா நேரா என்று பார்க்கவே தோன்றவில்லை.

டாக்டர் ஃபெர்ஜானி கருவியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அற்புதம்! பிரஷர் நல்லா இறங்கிடுச்சு. இனிமே உப்புக்குப் பயப்பட வேண்டாம். ஹரீஸா கொஞ்சமாத் தொட்டுக்குங்க."

ஹமாதி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். டாக்டரின் கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டார். சுருட்டி வைத்திருந்த கடைசி ஆமையை அவர் கையில் திணித்தார். டாக்டர் அதை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்து ஹமாதி முழங்கினார்: "பார்த்தீங்களா? மாத்திரை இல்ல, ஊசி இல்ல. வெறும் ஆமை!" பிறகு பையிலிருந்து வண்ணப் பெட்டியையும் மிச்சத் தாள்களையும் எடுத்து வஸீலாவின் மேசைமேல் வைத்தார். "இந்தாம்மா, வேற யாராவது பாவப்பட்ட நோயாளிக்குக் குடு. நான் குணமாயிட்டேன். நாளையிலேர்ந்து முன்ன மாதிரி சமையலறையில ஸகியாவுக்குக் கூடமாட நிப்பேன்."

ஸகியாவின் காதோர மல்லிகை கீழே விழுந்தது.

வஸீலா பதறி எழுந்து தாள்களை அப்படியே வாரி அவர் கையில் திணித்தாள்.

"ஐயோ சார், உங்களுக்கு எப்ப பிரஷர் இருந்துச்சு? அம்மாவுக்குத்தானே! டாக்டர் அவங்களுக்கு மாத்திரையைத்தான் குறைக்கச் சொல்லியிருக்காரு, ஆமையை இல்ல!"