மாமா திருப்பிய அட்டை

நான் முனைவர் பட்டம் வாங்கியதில் என் பங்கு பாதிதான். மீதிப் பாதி சுந்தரம் மாமாவுடையது. இதை நான் சொல்லவில்லை. தாம்பரம் முழுக்க அவர்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

துருக்கிய மொழிகளின் வேற்றுமை உருபுகள் காலப்போக்கில் எப்படி மாறின என்பது என் ஆய்வு. (மாடம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு இது தேவையா என்று கேட்காத சொந்தக்காரரே இல்லை.) ஐந்து வருட உழைப்புக்குப் பிறகு பொது வாய்மொழித் தேர்வு. அதில் பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம். யாருமே கேட்காவிட்டால் அசிங்கம். தெரியாததைக் கேட்டுவிட்டால் அதைவிட அசிங்கம். அதனால் வேண்டியவர்களிடம் கேள்வியைக் கொடுத்து உட்கார வைப்பது எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்களின் வழக்கம்.

நான் பிடித்தது எங்கள் வீட்டிலேயே இருக்கும் அம்மாவின் தம்பி சுந்தரம் மாமாவை. முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கணீர்க் குரல். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். அது தெரிந்தும், புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, நான் மனப்பாடம் செய்ய எழுதிவைத்திருந்த அட்டை ஒன்றையே அவர் சட்டைப்பையில் செருகினேன். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். (புத்திசாலி!)

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி அரங்கு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "ஆடியன்ஸ்ல யாராவது கேக்கறீங்களா?" என்றார்.

மாமா எழுந்தார். "பழந்துருக்கியில் 'வீட்டில்', 'வீட்டிலிருந்து' இரண்டுக்கும் ஒரே உருபா?"

அருமை. நான் தொண்டையைக் கனைப்பதற்குள் மாமாவின் கை அட்டையைத் திருப்பிவிட்டது.

"ஆம் ஐயா. முதலில் 'தா' என்ற ஒரே உருபு இரண்டுக்கும் பயன்பட்டது. 'இருந்து' என்பதற்குத் தனி உருபு பிறகுதான் நிலைபெற்றது" என்று படித்தவர், நான் எனக்காகக் குறித்துவைத்திருந்த கடைசி வரியையும் விடவில்லை: "இங்கே லேசாகப் புன்னகைக்கவும்."

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து வருஷமும் போச்சு என்றே நினைத்தேன்.

தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. "பதில் சரி. ஆதாரம் என்ன?" என்று மாமாவையே கேட்டார்.

மாமா அட்டையை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுல இல்ல சார். அவளையே கேளுங்க. அஞ்சு வருஷமா வீட்ல வேற பேச்சே கிடையாது, ஒரே பேஜாரு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். பழைய கல்வெட்டுகளிலிருந்து இன்றைய பேச்சுவழக்கு வரை, அட்டையில் இல்லாததெல்லாம் வந்தது. தேர்வாளர் போதும் என்று கையைக் காட்டும்வரை நான் நிறுத்தவில்லை.

பட்டம் கிடைத்தது. இன்று நானே வகுப்பெடுக்கிறேன். ஆனால் வீட்டில் யாராவது, "சாம்பாருக்கு உப்பு போட்டியா?" என்று கேட்டு, நான் திருதிருவென்று விழித்தால் போதும். கூடத்திலிருந்து கணீரென்று குரல் வரும்:

"இங்கே லேசாகப் புன்னகைக்கவும்!"