விட்டவருக்கு இடமில்லை

கனடாவின் மனிடோபா மாகாணத்து வில்லோ பெண்ட் நகராட்சி, ஊழியர்களின் நுரையீரல் நலனைக் கருத்தில் கொண்டு ஒரு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. சிகரெட்டை விட முயலும் ஊழியர்களுக்கு, வாசலை ஒட்டி, எஞ்சினை உறையாமல் சூடாக வைக்கும் மின்சார பிளக் கம்பம் உள்ள வண்டி நிறுத்துமிடம் வழங்கப்படும். அந்த ஊர்க் குளிரில், பகலெல்லாம் பிளக்கில் மாட்டி வைக்காத எஞ்சின் மாலையில் முனகக்கூட முனகாது. மற்றவர்கள் வண்டி நிறுத்தும் தூரத்து மைதானத்தில், கிளம்பாத வண்டியோடு நிற்பவருக்குத்தான் சிகரெட் ஞாபகம் வருகிறது என்பது நகராட்சியின் ஆழ்ந்த கண்டுபிடிப்பு.

குடிநீர்ப் பிரிவில் குழாய் பழுதுபார்க்கும் ஒரெஸ்ட் கவல்சுக், பள்ளி நாளிலிருந்து புகைத்தவர். பிளக் கிடைத்ததும் வண்டி கிளம்பியது. கை சட்டைப்பையைத் தேடவில்லை. கிறிஸ்துமஸுக்குள் அடியோடு விட்டுவிட்டார். இன்னொரு முறை தொட்டால் தன்னால் நிறுத்த முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

நலவாழ்வு அலுவலர் லோர்னா ப்ரீசன் கைகுலுக்க வந்தார்.

"சாதிச்சிட்டீங்க ஒரெஸ்ட்! இனிமே வண்டியை மைதானத்துல போட்டுக்குங்க."

"ஏங்க?"

"விட முயற்சி பண்றவங்களுக்குத்தான் அந்த இடம். நீங்கதான் விட்டுட்டீங்களே."

"குளிர்ல நின்னா மறுபடியும் பிடிச்சிருவேனே!"

"பயப்படாதீங்க. பிடிச்சீங்கன்னா உடனே இடம் உண்டு. உங்களைக் கைவிட்ருவோமா?"

மறுநாள் அந்த இடத்தில் வரிப் பிரிவு மார்லின் தன் காரை மாட்டினார். தேவாலயத்து மெழுகுவர்த்திப் புகைக்கே இருமுகிறவர் அவர்.

"நீ எப்பம்மா பிடிக்க ஆரம்பிச்ச?" என்றார் ஒரெஸ்ட்.

"நேத்துதான், குப்பைத்தொட்டிக்குப் பின்னால. குடலே வெளிய வந்திரும் போல இருந்துச்சு. ஆனா பிளக்கைப் பாருங்க, ஜம்முனு இருக்கு!"

நூலகர் பிடித்தார். வரவேற்பாளர் பிடித்தார். எல்லாரும் விட முயன்றார்கள். தவறிப்போய் விட்டுவிடாமல் கவனமாகவும் இருந்தார்கள். முயற்சி தொடர்கிறது என்பதற்கு ஆதாரமாக, வெள்ளிக்கிழமைதோறும் லோர்னாவின் முன்னிலையில் ஆளுக்கொரு சிகரெட் பற்றவைக்கப்பட்டது. நகராட்சி மேலும் கம்பங்கள் நட்டது. லோர்னாவும் புகைக்கப் பழகிக்கொண்டார். அவருக்கும் கார் இருந்ததே.

மாலையில் ஒரெஸ்ட் உறைந்த வண்டியின் டயரை உதைத்துக்கொண்டிருப்பார். போகிறவர்கள் மனமிரங்கிப் பெட்டியை நீட்டுவார்கள்.

"ஒண்ணே ஒண்ணு இழுங்க ஒரெஸ்ட். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

"வேண்டாம்ப்பா. இப்பத்தான் படியேறினா மூச்சு வாங்காம இருக்கு."

"என்ன பிடிவாதம்! விட முயற்சிகூடப் பண்ணமாட்டேங்கிறாரே மனுஷன்."

ஒருநாள் அவர் கை பெட்டிவரை போய்விட்டது. வெடுக்கென்று இழுத்து அக்குளில் செருகிக்கொண்டு, வீடுவரை நடந்தே போனார்.

சிகரெட்டை விட இவ்வளவு பேர் முயலும் அலுவலகம் மாகாணத்திலேயே வேறில்லை என்று விருது வந்தது. அதைக் கொடுக்க வந்த ஆய்வாளர் தீபோ, கேக் தின்று, கைதட்டல் வாங்கி, மாலையில் மைதானத்துக்குப் போனார். அவருடைய கார் கட்டையாகக் கிடந்தது.

"எல்லாரும் போயி வாசல்ல இடம் காலியாத்தானே இருக்கு. காரைத் தள்ளிட்டுப் போய் மாட்டிக்கட்டுமா?"

"உங்களுக்குப் புகைப் பழக்கம் உண்டா?" என்றார் கிளம்பிக்கொண்டிருந்த லோர்னா.

"கிடையவே கிடையாது."

"அப்புறம் எதை விட முயற்சி பண்ணுவீங்க? ஒண்ணு பிடிச்சா மாட்டிக்கலாம். என்கிட்ட இருந்த கடைசி சிகரெட்டை விருது விழாவுல பிடிச்சிட்டேனே!"

லோர்னாவின் கார் கிளம்பிப் போயிற்று. பற்கள் தந்தியடிக்க, ஆய்வாளர் ஒரெஸ்டிடம் ஓடி வந்தார்.

"ஒரு சிகரெட் இருக்குமா?"

"இல்லைங்க. நான் விட்டுட்டேன்."

ஆய்வாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபீஸே இவ்வளவு பாடுபட்டு விட முயற்சி பண்ணிக்கிட்டிருக்கு. ஒத்துழைக்கணும்னு உங்களுக்கு மட்டும் தோணவே இல்லையா?"