ரோஜா இலையில் வட்டம்

பள்ளித் தோட்டத்து ரோஜா இலைகளை யாரோ வட்டம் வட்டமாக வெட்டியிருந்தார்கள். புழு தின்றால் ஓரம் தாறுமாறாக இருக்கும். இதுவோ காம்பஸால் வரைந்து வெட்டியதுபோல இருந்தது. வெட்டிய துண்டு ஒன்றுகூடத் தரையில் இல்லை.

அறிவியல் ஆசிரியர் தென்னரசுவுக்குத் தலை சுற்றியது. வெள்ளி மாலை நான்கு மணிக்குள் பிள்ளைகள் அங்கே இருபது வகை உயிரினங்களைக் கணக்கெடுத்துக் காட்டாவிட்டால், தோட்டத்தை அழித்து பைக் ஷெட் போடப்போவதாகத் தலைமையாசிரியர் பலராமன் சொல்லியிருந்தார். பட்டியல் பத்தொன்பதில் நின்றது. இலையும் போனால் இருக்கிற பூச்சியும் போய்விடுமே!

"எவன்டா கத்தரி கொண்டாந்தது?"

ஏழாம் வகுப்பில் பாதிப்பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். பைகளைச் சோதித்ததில், பட்டு நூல் வெட்டும் சின்னக் கத்தரிகள் ஒன்பது கிடைத்தன.

"கைவேலை பீரியடுக்கு சார்!"

பறித்துப் பூட்டினார். மறுநாள் மேலும் ஏழு இலைகளில் வட்டம்.

செடிகளுக்குக் கொசுவலை போர்த்தினார். வண்ணத்துப்பூச்சிகள் வரவில்லை. வட்டங்கள் மட்டும் தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்த ரோஜாத் தொட்டிக்கு இடம் மாறின.

"இன்னாய்யா தென்னரசு, பூச்சிய எண்ணச் சொன்னா, என் செடிய மொட்டையடிச்சிகினு இருக்கீங்க?" என்று பலராமன் கத்திக்கொண்டிருந்தபோது, மாணவி நிலாவின் அம்மா கண்ணகி வந்து நின்றார்.

"சார், கத்தரிய குடுங்க. தறி நின்னுகினு கீது."

"உங்க பொண்ணு அதுல பண்ண வேலையப் பாருங்கம்மா!" என்று வெட்டுப்பட்ட இலை ஒன்றை நீட்டினார் தென்னரசு.

கண்ணகி இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கத்தரி வெட்டு இல்ல சார். வட்டம்னா நாலு தபா நிறுத்தித் திருப்பணும். திருப்புன எடத்துல மூல தெரியும். இதுல ஒண்ணுகூட இல்ல."

அப்போது ஒரு கறுத்த சின்னத் தேனீ தொட்டிச் செடியில் வந்து உட்கார்ந்தது. இலையின் ஓரத்தைக் காலால் கவ்விக்கொண்டு, தன் உடம்பையே காம்பஸாக்கிச் சுழன்றபடி தாடையால் வெட்டியது. பத்து எண்ணுவதற்குள் வட்டம் முடிந்தது. துண்டோடு சேர்ந்து விழும் முன்பே இறகு விரித்து, பச்சைத் தட்டை வயிற்றடியில் அணைத்துக்கொண்டு பறந்து, தோட்டத்து வேலி மூங்கிலின் துளைக்குள் நுழைந்தது. அங்கே நீளத் துண்டுகளைக் கிண்ணமாக ஒட்டி, மகரந்தம் நிரப்பி, முட்டையிட்டு, வட்டத் துண்டுகளால் மூடி போடும். அளவுகோல் கிடையாது, கற்றுத்தர ஆளும் கிடையாது.



முதலில் சுதாரித்தவர் பலராமன். "திருடன் மாட்டிக்கினான்! மருந்து பம்ப் எடுத்தாங்கய்யா, ஜல்தி!"

"அடிக்காதீங்க சார்," என்றாள் பட்டியலும் பேனாவுமாக நின்ற நிலா. "அது வூடு நம்ம தோட்டத்துலதான் கீது. இருபதாவதா எழுதிட்டேன்."