இறக்கத்தில் வாங்கிய கார்

மலையடிவாரத்துக் காட்ரோடு ஊரைத் தாண்டி இரண்டாவது வளைவில் கார் நின்றது. எஞ்சின் ஓடியது, விளக்கு எரிந்தது. சக்கரம் மட்டும் மேலே போக மறுத்தது. பொன்னுச்சாமி மிதிக்க மிதிக்க, கார் மரியாதையாகப் பின்னால் வந்தது.

பின்னால் வந்த கொடைக்கானல் பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி, என்ன கோளாறு என்று கேட்டார்.

"கோளாறு ஒண்ணுமில்லப்பா. மலையைப் பாக்க நிறுத்தியிருக்கேன்" என்றார் பொன்னுச்சாமி.

அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பும் நல்ல பேரும் உள்ள குடும்பம் அவருடையது. அதில் யாரும் யாரிடமும் ஏமாந்ததாகச் சரித்திரம் இல்லை. ஏமாந்தவர்கள் வெளியே சொல்லவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காரை வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை சமவெளியில் குறையில்லாமல்தான் ஓடியது. கொடைக்கானலில் பழைய கார் விற்கும் ஞானவேலின் கடைக்கு அவர் போன அன்று நல்ல பனிமூட்டம். கடையே தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு நீலக் கார் மெல்ல வெளிப்பட்டது, எப்போதோ கனவில் கண்டு மறந்ததைப் போல. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அடிவாரம் வரைக்குமே ஓட்டிப் பாருங்கள் என்று ஞானவேல் கூடவே ஏறிக்கொண்டான்.

பெருமாள்மலை பனியிலிருந்து வந்தது, பனிக்குள் போனது. ஊத்து வந்தது, போனது. டம்டம்பாறையில் மேகம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விலகியது. எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. எங்கோ ஒரு குருவி கூவியதுகூடக் கேட்டது. அடிவாரத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஞானவேல் நீட்டிய நோட்டில், 'மேகத்தில் மிதந்தது போல இருந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பெயர் மாறிய ஆர்.சி. ஒரு மாதத்தில் வீட்டுக்கே வரும் என்று சொல்லி ஞானவேல் பஸ் ஏறிவிட்டான்.

அத்தனை இறக்கத்தில், சக்கரம் கட்டிவிட்டால் ஆட்டுக்கல்லும் மிதக்கும் என்பது இந்த இரண்டாவது வளைவில்தான் அவருக்கு உறைத்தது.

வண்டி போனால் போகட்டும். மகள் தேவசேனாவுக்குப் பேத்துப்பாறையில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. அவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்துவும் அம்மா முருகேஸ்வரியும் அடுத்த வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். நம்ம வண்டியிலேயே கூட்டிவந்து, நம்ம வண்டியிலேயே கொண்டுபோய் விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் வாருங்கள் என்று இனி எந்த முகத்தோடு சொல்வது? கார் பார்த்து வாங்கத் தெரியாதவரிடம் பெண் எடுப்பதா என்று அவர்கள் யோசித்துவிட்டால்?

வத்தலக்குண்டு வக்கீல் உபகாரத்தைப் போய்ப் பார்த்தார். உபகாரம் பொறுமையாக வழிகளைச் சொன்னார். முதலில் நோட்டீஸ். பதில் சரியில்லை என்றால் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில் மனு. வாங்கிய இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அலைச்சலுக்கு நஷ்ட ஈடும் கேட்கலாம். குறையை மறைத்து விற்றான் என்று போலீசிலும் புகார் கொடுக்கலாம்.

"மனுவுல என்னன்னு எழுதுவீங்க?"

"ஏமாத்தப்பட்டேன்னு எழுதணும்ங்க."

"அந்த வார்த்தை இல்லாம எழுத முடியாதா?"

உபகாரம் யோசித்தார். "அது இல்லேன்னா வாழ்த்து மடல் ஆயிருங்க."

பேசிப் பேசி, 'எதிர்பார்த்ததற்குச் சற்று மாறாக' என்ற அளவில் நோட்டீஸ் போயிற்று. நான்கே நாளில் பதில் வந்தது. மேகத்தில் மிதந்த பக்கத்தின் நகலை அதோடு வைத்து அனுப்பியிருந்தான் ஞானவேல். போதாததற்கு, இவர் புகழ்ந்ததைக் கேட்டு இவருடைய பங்காளி கதிர்வேலும் தன்னிடம் ஒரு வண்டி வாங்கியிருப்பதாக எழுதியிருந்தான்.

"இன்னும் எத்தனை பேர்கிட்டங்க புகழ்ந்தீங்க?" என்றார் உபகாரம்.

"ஊருக்குள்ள மட்டுந்தான்."

சோதனைக்கு அனுப்பும்வரை வண்டியில் யாரும் கைவைக்கக் கூடாது, ரிப்பேர் செய்தால் சாட்சியம் கெட்டுவிடும் என்று சொல்லி அனுப்பினார் வக்கீல். மெக்கானிக் என்ற வழியும் அத்தோடு அடைபட்டது.

வெள்ளிக்கிழமை விடியலில், காய்கறி ஏற்ற மலைமேலுள்ள கிளாவரைக்குக் காலியாகப் போகும் வேலுமணியின் லாரியில் காரை ஏற்றினார்கள். கேபினில் உட்காரும்படி வேலுமணி கூப்பிட்டான்.

"சம்மந்தியைக் கூப்பிட லாரியில போனேன்னு இருக்கக் கூடாது. நான் என் கார்லதான் போறேன்" என்று லாரிக்கு மேல் நின்ற காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

லாரி பனிக்குள் நுழைந்தது. கீழே சாலை இல்லை, லாரி இல்லை. நீல முகப்பும் அதற்கப்பால் வெள்ளையும் மட்டும். சன்னல் வழியே ஒரு மேகம் உள்ளே வந்து பக்கத்து இருக்கையில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போனது. வளைவுக்கு வளைவு அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் ஏறிக்கொண்டே இருந்தது. ஊத்து வருவதற்குள், நல்ல வண்டியைத்தான் வாங்கியிருக்கிறோம் என்று தோன்றிவிட்டது.

ஊத்து டீக்கடையில் யாரோ பார்த்துவிட்டார்கள். டயர் தேயக் கூடாதென்று பொன்னுச்சாமி தன் காரை லாரியில் வைத்துக் கொண்டுபோகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் அய்யம்பாளையம் போய்ச் சேர்ந்தது. மேலும் இரண்டு பேர் ஞானவேலின் விலாசம் கேட்டு அவர் வீட்டுக்கு வந்தார்கள்.

பெருமாள்மலைக்குச் சற்று மேலே, ஒரு மேட்டை ஒட்டி லாரியை நிறுத்திக் காரை இறக்கினார்கள். கீழே பேத்துப்பாறை விலக்கில் நாச்சிமுத்துவும் முருகேஸ்வரியும் காத்திருந்தார்கள். நாச்சிமுத்து காரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார்.

மறுபடியும் மிதப்பு. பேசினால் கலைந்துவிடும் போலிருந்தது. பின்கதவுக் கண்ணாடி இறங்காது என்று பொன்னுச்சாமி சொல்ல வாயெடுப்பதற்குள், முருகேஸ்வரி கதவில் ஓரிடத்தில் லேசாகத் தட்டினார். கண்ணாடி இறங்கியது. கைராசிக்காரி என்று நினைத்துக்கொண்டார் பொன்னுச்சாமி.

வீடு பிடித்தது, பெண் பிடித்தது, சாப்பாடும் பிடித்தது. நிச்சயத்துக்குத் தையில் நாள் குறித்தார்கள். பொழுது சாய்ந்ததும் நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னைக்கு மேக்கே சூலம். ராத்தங்கிட்டு நாளைக்குப் போகலாமே" என்றார் பொன்னுச்சாமி. விடிவதற்குள் ஏதாவது லாரி கிடைக்காதா என்ற கணக்கு.

"அதுக்கென்ன, வெல்லம் தின்னுட்டுக் கெளம்புனா சூலம் ஒண்ணும் பண்ணாதுங்க" என்று உள்ளேயிருந்து சம்புடத்தோடு வந்தாள் அவர் மனைவி விசாலாட்சி. அவளிடமும் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் தின்றார்கள்.

வேறு வழியில்லை. பொன்னுச்சாமி சாவியோடு வாசலுக்கு வந்தார். தூரத்தில் மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பது போல. உண்மையைச் சொல்லிவிடத் திரும்பினார்.

அதற்குள் முருகேஸ்வரி பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"காட்ரோடு வரைக்கும் விட்டாப் போதும்ண்ணே, அங்க ஜீப்பு நிக்கச் சொல்லியாச்சு, இது மலை ஏறாது, ஞானவேலுக்கு நாங்களும் எறக்கத்துல ஓட்டிக் காட்டித்தான் வித்தோம்."