எந்த ஆங்கஸ்?

மனிதர்களில் பெயர்க் காரணர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததோடு தப்பித்திருக்க மாட்டீர்கள். கை குலுக்கித் தம் பெயரைச் சொல்வார். நீங்களும் உங்கள் பெயரைச் சொல்வீர்கள். மற்றவர்களிடம் என்றால் அத்தோடு கையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இவரிடம் அது நடக்காது. தம் பெயர் எந்த மொழியில் பிறந்தது, எந்த வேரிலிருந்து கிளைத்தது, எந்தெந்த அரசர்கள் அதை வைத்துக்கொண்டு ஆண்டார்கள், எந்தத் தெய்வம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்பதெல்லாம் முடியும்வரை உங்கள் கை அவர் கையில்தான் இருக்கும். வியர்த்தாலும் விடமாட்டார்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய எங்கள் கேப் பிரெட்டன் தீவில் இந்த இனம் செழிப்பாக விளைகிறது. கடல் காற்று ஒத்துக்கொள்கிறதோ என்னவோ. மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் ஆங்கஸ் கில்லிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பேருந்தில் போய்வந்த பிள்ளைகளுக்குக் கணக்கு வந்ததோ இல்லையோ, ஸ்காட்லாந்தை ஆண்ட பழைய ஆங்கஸ் ராஜாக்கள் அத்தனை பேரும் மனப்பாடம்.

ஆங்கஸ் என்றால் ஸ்காட்லாந்தின் பழைய கேலிக் மொழியில் 'ஒரே தேர்வு' என்று பொருளாம். அதாவது, இவனை விட்டால் வேறு ஆளில்லை. இதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். எங்கள் சின்ன ஊரில் மட்டும் ஆங்கஸ் கில்லிஸ் என்று நான்கு பேர் இருக்கிறார்கள்.

பெயர்க் காரணரை உணவகத்துக்கு அழைத்துப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? போகாதீர்கள். உணவுப் பட்டியலில் ஆங்கஸ் மாட்டிறைச்சி என்று போட்டிருந்தால் தீர்ந்தது. மாட்டுக்கு அந்தப் பெயர் ஒரு சீமையிலிருந்து வந்தது, சீமைக்கு ஒரு மனிதனிடமிருந்து வந்தது, ஆகையால் மாட்டின் பெயரை நான் வைத்துக்கொண்டிருக்கவில்லை, என் பெயரைத்தான் மாடு வைத்துக்கொண்டிருக்கிறது என்று பரிமாறும் பெண்ணை நிற்கவைத்து விளக்குவார். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா வேகணுமா, பாதி வெந்தா போதுமா?" என்பாள்.

திருடன் ஒருவன் ஆங்கஸ் என்ற பெயரில் பிடிபட்டால் மட்டும் அந்தச் செய்தி அவர் கண்ணில் படுவதேயில்லை. வேரும் விழுதும் அரசர்களுக்குத்தான்.

இனி எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, ஊரே நாலைந்து பெயர்களுக்குள் அடங்கிவிட்டது. ஆகவே ஆளுக்கொரு பட்டப்பெயர். எங்கள் கூரையில் ஏறி, ஏணி சரிந்து, சாப்பாட்டு வேளைவரை மேலேயே உட்கார்ந்திருந்தவர் ஏணி ஆங்கஸ். எந்த வேலையைச் சொன்னாலும் ஒரே பதில் சொல்லும் தச்சர், நாளைக்கு ஆங்கஸ். சிவப்புத் தலை ஆங்கஸுக்கு இப்போது தலையில் ஒன்றுமில்லை, பட்டப்பெயர் உதிரவில்லை.

நம்மவரோ கெட்டில் ஆங்கஸ். வாலிப வயதில் ஒரு துக்க வீட்டில், தேநீருக்கு வைத்த கெட்டிலைப் பார்த்துக்கொள்ளும்படி அவரை அடுப்படியில் நிறுத்தினார்கள். அந்த நேரம் பார்த்து, ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் தண்ணீர் குடிக்க உள்ளே வந்து, உன் பெயரென்ன தம்பி என்று கேட்டுத் தொலைத்தார். பழைய அயர்லாந்துக் காதல் தெய்வம் ஆங்கஸின் தலையைச் சுற்றிப் பறவைகள் பறந்த கட்டத்துக்கு வருவதற்குள் தண்ணீர் வற்றி, கெட்டிலின் அடி உருகி அடுப்போடு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து கெட்டில். அவர் மனைவி கெட்டில் வீட்டம்மா. மகள் மோராக், பள்ளிக்கூடத்திலேயே கெட்டில் பொண்ணு. இவர் மட்டும் அந்தச் சொல்லை வாயால் சொன்னதேயில்லை. வீட்டில் தண்ணீர் கொதித்தால்கூட 'அது கொதிக்கிறது' என்பார்.

இப்படியிருக்க, மோராக்குக்கு ஆண் குழந்தை பிறந்தது. பேரனுக்குத் தம் பெயரை வைத்தே தீரவேண்டும் என்று கிழவர் ஒற்றைக்காலில் நின்றார். வேறு பேரன் வரப்போவதில்லை. இவள் ஒரே பிள்ளை, இதற்குமேல் பெறுவதாக இல்லை என்றும் சொல்லிவிட்டாள். தலைப்பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயர்தான் முறை என்பதால் அவள் தன் மாமனார் ரோடரிக்கின் பெயரைப் பேசி முடித்திருந்தாள். பெயர் எதுவானாலும் ஊர் கெட்டில் பேரன் என்றுதான் சொல்லப்போகிறது, அதற்கு ஏன் இத்தனை பாடு என்றும் கேட்டாள். கிழவர் மூன்று வேளைச் சாப்பாட்டை மறுத்தார். நடுவில் ஓட்ஸ் ரொட்டியைத் தின்றது கணக்கில்லை.

கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஞானஸ்நானப் பரிசாக அவர் ஹாலிஃபாக்ஸ் கடையொன்றில் 'ஆங்கஸ்' என்று பொறித்த வெள்ளிக் கோப்பைக்குச் சொல்லியிருந்தார். அது ஞானஸ்நானம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்தால் பிள்ளை ஆங்கஸ். வராவிட்டால் ரோடரிக்.

அவளுக்கு அப்பாவைத் தெரியும். கடைக்காரர் விலாசம் கேட்டபோது, ஊர்ப் பெயருக்கு மேல் ஆங்கஸ் கில்லிஸ் என்று போட்டால் போதும், வேறெதுவும் சேர்க்கக்கூடாது என்று அவர் தொலைபேசியில் கட்டளையிட்டதைப் பக்கத்திலிருந்து கேட்டவளே அவள்தான்.

சனிக்கிழமை காலை பெட்டி வந்துவிட்டது. வீட்டுக்கு அல்ல, ஊர்க் கடையில் இருக்கும் ஃபுளோரா ராங்கினின் தபால் மேசைக்கு. ஃபுளோரா அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள். பெட்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வரிசையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு யாருக்கும் அவசரமில்லை.

"எந்த ஆங்கஸுக்குன்னு சொல்லு, குடுத்துடறேன்," என்றாள் ஃபுளோரா.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு 'ஒரே தேர்வு' என்று ஆரம்பித்தார். ராஜாக்கள் வந்தார்கள். பறவைகள் வந்தன.

"அந்த ராஜா வந்து கேட்டா ராஜாவுக்கே குடுக்கறேன். இதுல வெறும் பேருதான் போட்டிருக்கு."

பெட்டியைப் பிரித்துப் பார், கோப்பையிலேயே ஆங்கஸ் என்று பொறித்திருக்கிறது என்றார் அவர்.

"நாலு பேருக்கும் அதானே பேரு."

பின்னாலிருந்து நாளைக்கு ஆங்கஸ் குரல் கொடுத்தார். "அப்ப எனக்கு வந்ததாத்தான் இருக்கும். இருக்கட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

கடை மூடும் நேரம் நெருங்கியது. மோராக் கைக்குழந்தையோடு கதவோரம் நின்றிருந்தாள். கிழவர் பெட்டியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். காதுமடல் இரண்டும் வெந்த நண்டாகச் சிவந்தன. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கே பாவமாகிவிட்டது.

"கெட்டில்," என்றார்.

"காதுல விழல."

"கெட்டில் ஆங்கஸுக்கு வந்த பெட்டி, ஃபுளோரா. என்கிட்டக் குடு."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபுளோராகூடப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். மோராக் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு வெளியே காத்திருந்த கணவனைக் கூப்பிட்டு, "உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஆங்கஸ் என்றே ஞானஸ்நானம் ஆனது. ஒரே தேர்வு, ஊரில் ஐந்தாவது. மாதா கோயில் கூடத்தில் தேநீர் ஊற்றி முடிப்பதற்குள் ஏணி ஆங்கஸ் தொட்டிலை எட்டிப் பார்த்து, "கெட்டில் மூடி தூங்குது, சத்தம் போடாதீங்க," என்றார். அவ்வளவுதான். சாகும்வரை மூடிதான்.

கிழவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பேரனின் குட்டிக் கையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு, வேர்ச்சொல்லிலிருந்து தொடங்கியிருந்தார். நாங்கள் கிளம்பும்போதும் பையனுக்குக் கை திரும்பக் கிடைத்திருக்கவில்லை.

நீங்கள் சிரிக்கலாம். சிரிக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். உங்கள் பெயருக்கு என்ன பொருள், அது எந்த வேரிலிருந்து வந்தது, அதே பெயரில் எந்தப் பெரிய மனிதர் இருந்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போன வாரம்கூட யாரிடமோ சொன்னீர்கள். ஆனால் நீங்கள் தெருமுனை திரும்பியதும் உங்கள் தெரு உங்களை என்னவென்று சொல்கிறது, தெரியுமா? அவர்களைக் கேட்டுப் பாருங்கள். என்னை என்னவென்று சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், நான் கேட்டுவிட்டேன். அது என்னவென்று சொல்லமாட்டேன். ஃபுளோராவிடம் எனக்கு இன்னும் பெட்டி எதுவும் வரவில்லை.