அசையாதே சாரும் நாலு மணி மாடும்

காவிரித் தண்ணீர் பாயும் இத்தனை ஊர்களிலும், ஓடிக்கொண்டிருக்கும் அறுவடை மெஷினுக்கு முன்னால் போய் நின்று, "கொஞ்சம் மெதுவா அறுங்களேன், பூமி பேசறது காதுல விழல" என்று கெஞ்சிய மனிதர் ஒரே ஒருவர்தான். மறுப்பு உள்ளவர்கள் தாராளமாக ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். நான் பின்வாங்குவதாக இல்லை.

மெஷின் டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, இவரை மேலும் கீழும் பார்த்திருக்கிறார்.

"நெல்லு சாஞ்சு கெடக்கு. மேகம் கட்டிக்கிட்டு நிக்குது. பூமி எங்க போயிடப் போவுது? நாளைக்குப் பேசிக்கச் சொல்லுங்க."

"அது சொல்லிட்டு வராதுங்க."

"மழை மட்டும் சொல்லிட்டா வருது?"

இவர், டிரைவர் டீ குடிக்கும் நேரத்தையாவது தெரிந்துகொள்வோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த அறுவடை முடியும்வரை டிரைவர் டீ குடித்த நேரத்தில்தான் இவர் வேலை பார்த்தார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'அசையாதே சார்'. யாராவது பக்கத்தில் வந்தால் வணக்கம் சொல்வதற்கு முன்பே "அசையாதீங்க" என்பார். வந்தவர் பாம்பைக் கீம்பை மிதித்துவிட்டோமோ என்று நடுங்கிப் போய் நிற்பார்.

விஷயம் இதுதான். நிலநடுக்க அலைகளைப் பதிவு செய்யும் கருவிகளை ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்காக டெல்டாவில் மூன்று கல்லூரிகளின் பின்புறம் குழி வெட்டி இறக்கியிருந்தார்கள். பூதலூரில் ஒன்று, பூம்புகாரில் ஒன்று, அதிராம்பட்டினத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தற்காலிக ஊழியர். பூதலூர்க் குழிக்கு அசையாதே சார். பூம்புகாருக்கு ஒரு பெண். அவரை நாங்கள் 'பூம்புகார் மேடம்' என்றே கூப்பிடுவோம். அதிராம்பட்டினத்துக்கு அடியேன். என்னை ஊர் பெயரால் கூப்பிட அவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளுமாம், அதனால் நான் 'பாய்'.

மூன்று கருவிகளின் பதிவும் மூன்று கோடுகளாக எங்கள் மூவரின் கம்ப்யூட்டரிலும் ஓடும். நடுக்கம் வந்தால் முதலில் வேகமான அலை வரும், அதற்குப் பெயர் பி. பின்னாலேயே மெதுவாக எஸ் வரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்து நடுக்கம் எவ்வளவு தூரத்தில் என்று கணக்குப் போடலாம். ஆனால் தூரம் மட்டும்தான் தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. மூன்று இடத்திலிருந்து தூரம் கிடைத்தால்தான் வரைபடத்தில் 'இங்கே' என்று விரல் வைக்க முடியும். ஆகவே மூவரில் ஒருவர் கோட்டை விட்டாலும் மற்ற இருவர் உழைப்பும் வீண். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோடு ஆடினால் அது பூமி இல்லை; லாரியோ மாவு மில்லோ. உள்ளூர்ச் சத்தம் என்று ஒதுக்கிவிட வேண்டும்.

அசையாதே சாருக்கு ஒதுக்குவதற்கே பொழுது சரியாக இருந்தது. பூதலூரில் ரயில் பாதை உண்டே. நாளடைவில் கோட்டைப் பார்த்தே எந்த வண்டி எங்கே வருகிறது என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன் அவருக்குத்தான் போன் செய்வார்கள்.

"சார், தஞ்சாவூர் போற வண்டி வந்துடுச்சா?"

"சோளகம்பட்டி தாண்டிடுச்சு. ஓடுங்க. ஆனா கல்லூரிப் பக்கமா ஓடாதீங்க."

ஒருநாள் எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்கப் போன் செய்து, பூதலூருக்கு அடியிலேயே நடுக்கம் என்றார். எங்கள் இருவர் கோடும் அசையவில்லை. போய்ப் பார்த்தால், பக்கத்துக் களத்து மாடு ஒன்று குழி மூடியில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறது. மாட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனாரா என்றால் இல்லை. மாடு சொறிந்துகொள்ளத் தனியாக ஒரு கல்லைத் தூரத்தில் நட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்னொரு நாள் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் அறைக்குத் திரைச்சீலைத் துணி எடுக்கப் போனார், நானும் கூட இருந்தேன். கடைப் பையன்கள் மூவரை ஆளுக்கொரு மூலையில் கண்ணை மூடி நிற்க வைத்தார். நாலாவது ஆளைத் துணியைக் கிழிக்கச் சொன்னார். கிழிசல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடியது என்று மூவரும் கை காட்ட வேண்டும்.

"நடுக்கம்ங்கறது ஒரு புள்ளி இல்ல பாய், கிழிசல். ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு ஓடும். ஓரிடத்துல வேகமா ஓடும், ஓரிடத்துல சிக்கிக்கிட்டு நிக்கும். ஆரம்பிச்ச எடத்தை மட்டும் சொன்னா, கத்தரியை எங்க வச்சான்னு சொன்ன மாதிரிதான். எதுவரைக்கும் கிழிஞ்சுதுன்னு சொல்ல வேணாமா? உலகம் பூரா இருக்கற ஸ்டேஷன் பதிவெல்லாம் சேத்து வச்சுப் பாத்தா அந்த ஓட்டமே படமாத் தெரியும். எந்தப் பக்கம் கிழிஞ்சுதோ அதைப் பொறுத்துத்தான் நம்ம கரைக்கு அலை வருமா வராதான்னே சொல்ல முடியும்."

சுனாமி பார்த்த கரைக்காரன் நான். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளிதான் மெதுவாகக் கிட்டே வந்தார்.

"சார், முழு பீஸையும் கிழிச்சு முடிச்சப்புறம் பில் போடவா, இல்ல கொஞ்சம் முழுசா எடுத்துட்டுப் போறீங்களா?"

இப்படிப்பட்டவர் பூம்புகார் மேடத்திடம் மட்டும் பேச ஆரம்பித்தால் பெட்டிப் பாம்பாகிவிடுவார். தினமும் காலையில் மூவரும் போனில் சேர்ந்து முந்தின நாள் பதிவைச் சரிபார்ப்போம். அந்தமான் பக்கம் ஏதாவது ஆடியிருந்தால் அன்று அவர்கள் இருவருக்கும் திருவிழா.

"பி வந்துதா மேடம்?"

"வந்துது சார். உங்களுக்கு?"

"எனக்குக் கொஞ்சம் பின்னால. எஸ்?"

"சுமாராத்தான் தெரியுது. நீங்க சொன்னா நம்புறேன்."

ஊர் உலகத்தில் மனசுக்குப் பிடித்தவர்கள் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்டுக்கொள்வார்கள். இவர்கள் இப்படி. நடுவில் உட்கார்ந்து கேட்ட எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது. புரிய வேண்டிய இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மேடத்துக்கு ஹைதராபாத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. மாசக் கடைசியில் கிளம்ப வேண்டும். காலைப் போனில் அவரே சொன்னார். நான் வாழ்த்தினேன். அசையாதே சார், "நல்லது மேடம். நேத்து எஸ் எத்தனை மணிக்கு?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் பூதலூர் வரை போய் அவரை அந்தக் குழியிலேயே இறக்கி மூடியிருப்பேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மேடம் போய்விடுவார், அப்புறம் இந்த மனிதர் ஆயுசுக்கும் ரயிலை எண்ணிக்கொண்டு கிடப்பார்.

மறுநாளிலிருந்து பூதலூர்க் கோட்டில் ஒரு விசித்திரம். தினமும் நாலு மணிக்குக் கோடு துள்ளத் தொடங்கும். கொஞ்சம் துள்ளும், நிற்கும், மறுபடி துள்ளும். அரை மணி நேரத்துக்கு இதே கதை. போன் செய்தேன்.

"என்ன சார், நாலு மணிக்குக் குழி பக்கத்துல யாரு?"

"மாடு பாய்."

"அதுக்குத்தான் கல்லு நட்டுக் கொடுத்தீங்களே."

"இது வேற மாடு."

அன்று சாயங்காலம் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"பாய், பூதலூர்ல நாலு மணிக்கு யாரோ நடக்கறாங்க. கொஞ்ச தூரம் நடந்துட்டு நிக்கறாங்க. திரும்பறாங்க. கேட்டா மாடுங்கறாரு. மாடு நின்னு யோசிக்குமா?"

"யோசிக்காது மேடம்."

"ஒரே ஸ்டேஷன்ல மட்டும் வர்றதை உள்ளூர்ச் சத்தம்னு எழுதி ஒதுக்கிடணும். தெனமும் மூணு கோட்டையும் சேத்துப் பாத்து அதை ஒதுக்க வேண்டியது நான்தான். எனக்கு மனசு வரல பாய்."

"நீங்களே கேட்டுடுங்களேன்."

"கேட்டா மாடுன்னுதான் சொல்வாரு."

அடுத்த நாள் நாலு மணிக்கு நான் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். பூதலூர்க் கோடு வழக்கம்போல நடந்தது, நின்றது. உடனே பூம்புகார்க் கோடு எகிறியது. தொப், தொப், தொப் என்று மூன்று தடவை. மேடம் குழி ஓரத்தில் குதிக்கிறார் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஆனால் தெரிய வேண்டியவர் வெளியே வெயிலில் உலாத்திக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டரோ உள்ளே இருக்கிறது. வேறு வழியில்லாமல் நானே கூப்பிட்டேன்.

"சார், உள்ள போய்ப் பாருங்க. பூம்புகார்ல ஏதோ ஆடியிருக்கு."

அவர் ஓடிய ஓட்டமும் கோட்டில் பதிவானது. சற்று நேரத்தில் மேடத்தையும் என்னையும் சேர்த்துப் போனில் கூப்பிட்டார்.

"மேடம், மன்னிச்சுக்குங்க. உங்க ஸ்டேஷன்ல நல்ல சிக்னல் வந்திருக்கு. எனக்கும் வந்திருக்கணும். நான் கெடுத்துட்டேன். குழி பக்கத்துல நடந்தது மாடு இல்ல, நான்தான். என் காலடில அது அழிஞ்சு போச்சு."

வாழ்நாளெல்லாம் அடுத்தவரை அசையாதே என்று அதட்டிய மனிதர், ஒரு பூகம்பத்தையே மிதித்து அழித்துவிட்டதாக நம்பி அழும் நிலைக்கு வந்துவிட்டார். அந்தப் பதற்றத்தில் என் கோடு அசையவே இல்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. என்னால் சிரிக்கவும் முடியவில்லை, கேட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

மேடம் நிதானமாகக் கேட்டார். "ஏன் நடந்தீங்க சார்? காரணம் போட்டு எழுதணும்ல."

பதிவு விஷயத்தில் பொய் எழுத அசையாதே சாருக்குக் கை வராது. மாடு என்று சொன்ன பொய்யே அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"நீங்க ஹைதராபாத் போறீங்கல்ல," என்றார். "அதான். போகாதீங்கன்னு சொல்றது தப்பு. நானும் வரட்டுமான்னு எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு நடந்தேன்."

நான் போனை வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்க எதையும் அழிக்கல," என்றார் மேடம். "அது பூகம்பம் இல்ல. நான்தான் குதிச்சேன்."

"நீங்களா? குழி பக்கத்துலயா? கருவி என்னத்துக்கு ஆகும் மேடம்?"

"வந்து பாத்துட்டுப் போங்க, என்ன ஆச்சுன்னு."

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தார். போனவர் முதலில் கருவியைத்தான் பார்த்தாராம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மேடத்தை நிமிர்ந்து பார்த்தாராம். இதை மேடமே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவர் வீடு கத்தோலிக்கம், மேடம் வீடு லுத்தரன். எந்தக் கோயிலில் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் கொஞ்ச காலம் இழுபறி. கடைசியில் மேடத்தின் பிடிவாதம் ஜெயித்தது. பிரியாணி மட்டும் எங்கள் ஊர்ச் சமையல் பண்டாரியுடையது என்று நானும் ஒரு பிடிவாதம் பிடித்து ஜெயித்தேன். இருவரும் ஹைதராபாத் போனார்கள். அவருக்கும் அங்கே இதே வேலையில் ஓர் இடம் கிடைத்தது.

பூதலூர்க் குழிக்கு இப்போது ஒரு நல்ல பையன் வந்திருக்கிறான். ரயில் நேரம் யாரும் அவனைக் கேட்பதில்லை. நாலு மணிக்குத் திரையைப் பார்த்தால் பூதலூர்க் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது. அப்படி ஒரு சுத்தமான கோட்டுக்காகத்தான் அந்த மனிதர் மெஷினையும் மாட்டையும் கெஞ்சிக்கொண்டு அலைந்தார். எனக்கென்னவோ அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, உடனே ஹைதராபாத்துக்குப் போன் போட்டுவிடுகிறேன்.